அலாய் வீலுக்கு ஆசிட் வேண்டாம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்த ஒரு காரின் முன்சக்கரங்களை உற்றுப் பார்த்தால், அலாய் வீலின் (அலுமினியக் கலவையால் ஆன சக்கரத்தின்) இடுக்குகளில் கரும்பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருப்பது தெரியும். அது வெறும் சாலைப் புழுதி அன்று. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் அதை அழுத்தும் பேடும் உரசுவதால் கிளம்பும் சூடான இரும்புத்தூள், பேடில் உள்ள பிசினோடு சேர்ந்து ரிம்மின் மேற்பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கிறது. நம் ஊரில் ஓடும் பல கார்களின் பின்சக்கரங்களில் மூடிய டிரம் பிரேக் இருப்பதால், அங்கே தூளின் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தக் கறை ஷாம்புவுக்கு எளிதில் போகாது என்பதால்தான், "ஆசிட் அடிச்சா ஒரே நிமிசத்துல பளிச்சுனு ஆயிருங்ண்ணா" என்ற பேச்சு வாட்டர் வாஷ் கடைகளில் கேட்கிறது. அதற்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மேற்பூச்சு கீறியிருக்கும் இடம் வழியாக உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். காஸ்டிக் சோடா கலந்த திரவமும் அதையேதான் செய்யும். இவற்றைவிடக் கொடியது, சில வீல் கிளீனர்களில் சேர்க்கப்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் அம்மோனியம் பைஃபுளோரைடும். நீர்த்த நிலையில் இவை தோலில் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம். வலி தொடங்குவதற்குள் ஆழமாக ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும், அதிக அளவில் பட்டால் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். கையுறைகூட இல்லாமல் நாள் முழுதும் சக்கரம் தேய்க்கும் பையன்களை நினைத்தால், ரிம் பளபளப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மேற்பூச்சுள்ள சாதாரண அலாய் வீலுக்கு, அமிலமும் காரமும் அல்லாத, பி.ஹெச். 7-ஐ ஒட்டிய கிளீனரே போதும். வாராவாரம் கழுவுகிறவர்களுக்குக் கார் ஷாம்புவே போதுமானது. பதிந்துவிட்ட இரும்புத்தூளுக்கு, தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்த 'அயர்ன் ரிமூவர்' வாங்கலாம். தெளித்துச் சிறிது நேரத்தில், நிறமற்றிருந்த திரவம் இரும்பு உள்ள இடங்களில் மட்டும் ஊதாப் பொட்டுகளாகி, பிறகு கத்திரிப்பூ நிறக் கோடுகளாக வழிந்து இறங்கும். கூடவே கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். அதுவும் தோலை உறுத்தக்கூடியது, ஆகவே கையுறை கட்டாயம். மேற்பூச்சே இல்லாமல் மெருகேற்றிய அலுமினியத்துக்கும் குரோம் ரிம்முக்கும், அந்தப் பரப்புக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். அப்போதும் ரிம்மின் உட்பக்கத்தில் சிறிது தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

எந்தக் கிளீனரானாலும், சக்கரம் கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, நிழலில், ஒவ்வொரு சக்கரமாகத் தெளித்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். நம் பக்கத்துப் போர்வெல் உப்புத்தண்ணீர் தானாக உலர்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும் என்பதால், உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். கடையில் விடுவதானால், சக்கரத்துக்கு எதை அடிக்கிறார்கள் என்று கேட்டு டப்பாவை வாங்கிப் பாருங்கள். லேபிள் இல்லாத கேனிலிருந்து ஊற்றினால், சக்கரத்துக்கும் ஷாம்பு மட்டும் போடச் சொல்லிவிடுங்கள்.