ஐந்து புத்தகம், ஐந்து துண்டுச்சீட்டு: நான்காம் மாதக் குறிப்பு

ஐந்து புத்தகங்களை ஒரே சமயத்தில் படிக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று இரவு அவற்றில் ஒன்றான வரலாற்று நூல் முடிந்தது. 780 பக்கம். இதற்கு முன் இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் 140ஆம் பக்கத்தை ஒட்டிக் கைவிட்ட புத்தகம். அப்போதெல்லாம் வேறு எதையும் தொடாமல் அதை மட்டுமே படிப்பது என்று உட்கார்ந்தேன். இந்த முறை கூடவே நான்கு புத்தகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் முடிந்தது என்றே நினைக்கிறேன். வரி வசூல் பற்றிய அத்தியாயத்தில் மூச்சு முட்டியபோது மூடி வைத்துவிட்டு நாவலுக்குப் போனேன். நான்கு நாள் கழித்து, இந்த வரிக்கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு திரும்பினேன்.

பல புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு, ஒன்று கனம் என்றால் ஒன்று லேசு, பகலுக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று என்பதெல்லாம் பழகின விஷயம். அதை விட்டுவிடுகிறேன். நான்கு மாதமாக என்னைப் படுத்தியது ஒன்றே ஒன்றுதான்: விட்ட இடத்துக்குத் திரும்பி வருவது.

பக்க எண் தெரிந்தால் மட்டும் போதவில்லை. ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் பக்கம் கிடைக்கும், மனசு கிடைக்காது. யார் யாரோடு சண்டை, இந்த ஆள் ஏன் இந்த அறையில் நிற்கிறான் என்று பின்னால் போய்ப் போய்ப் படித்ததில், அரை மணி நேர வாசிப்பில் கால் மணி நேரம் போய்விடும். முதலில் தனியாக ஒரு நோட்டு வைத்தேன். புத்தகம் ஓர் அறையிலும் நோட்டு இன்னோர் அறையிலும் இருந்தன. அப்புறம் போனில் குறித்தேன். குறிக்க எடுத்த போன் லேசில் கீழே இறங்கவில்லை. அதையும் விட்டேன்.

தீர்வு வாரப் பத்திரிகைத் தொடர்கதையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து வாசகர்கள் ஒரே இதழில் மூன்று தொடர்களை வாராவாரம் படித்தார்கள், ஒன்றையும் குழப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலையில் முன்கதைச் சுருக்கம் என்று நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை எனக்கு நானே எழுதிக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பக்க அடையாளமாக வைக்கிற துண்டுச்சீட்டிலேயே எழுதினேன். சீட்டு புத்தகத்தை விட்டு எங்கேயும் போகாது.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் இரண்டு மாதம் போனது. ஏ4 தாளை எட்டாக வெட்டுகிறேன்: அகலத்தில் நாலு, நீளத்தில் ரெண்டு. ஒரு சீட்டு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளம் வரும். குறுக்கே வெட்டிப் பார்த்தேன், துவண்டு போனது. தாளுக்கு இழை ஓட்டம் உண்டு. சாதாரண ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். சீட்டின் நீளமும் அதே வாக்கில் அமைந்தால் விறைப்பாக நிற்கும். டெம்மி அளவுப் புத்தகத்துக்குள் சீட்டு முழுக்க மூழ்கிவிடுவதால் மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்கிறேன். எழுதுவது எச்பி பென்சிலில். ஜெல் பேனா எதிர்ப்பக்கத்தில் படிந்தது, 2பி பென்சில் தேய்ந்து பக்கத்தைக் கறுப்பாக்கியது. ஒட்டுத்தாள் வேண்டாம். பழைய தாளில் பசை தங்கிவிடும், எழுத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

என்ன எழுதுவது? கதைச் சுருக்கத்தை முழுதாக எழுதினால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. மூன்று வரிதான்: இப்போது யார் எங்கே, எனக்குள் இருக்கும் கேள்வி என்ன, எந்தப் பத்தியில் தொடங்க வேண்டும். வரலாற்று நூலில் இருந்த ஒரு சீட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது: “தூது போயாயிற்று, பதில் இல்லை. அமைச்சர் துரோகியா, பயந்தவரா? 412, மூன்றாம் பத்தி.” இரண்டாவது வரிதான் உயிர். ‘துரோகியா, பயந்தவரா’ என்பதைப் பார்த்தவுடன் அன்று இரவு இருந்த படபடப்பு அப்படியே திரும்பி வந்தது. கேள்வி இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதிய சீட்டுகள் ஒன்றுகூட இப்படி வேலை செய்யவில்லை.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதினார். அதைக் கவன எச்சம் என்கிறார்கள். 2018இல் அவரும் தெரசா குளோம்பும் சேர்ந்து, நகர்வதற்கு முன் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாக எழுதி வைத்தால் அந்த எச்சம் குறைகிறது என்று காட்டினார்கள். அவர்கள் சொன்னது அலுவலக வேலையைப் பற்றி. ஆனால் எனக்கு நாவலில் நடந்ததும் அதுவே. சீட்டு எழுதிய நாளில் அடுத்த புத்தகத்துக்குள் சட்டென்று இறங்க முடிகிறது. எழுதாத நாளில் முந்தைய புத்தகத்தின் ஆட்கள் கூடவே வருகிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதும் இதோடு சேர்ந்ததே. அத்தியாயம் முடிந்ததும் நிறுத்துவது நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். நாவலுக்கு அது தப்பு. உரையாடலின் நடுவில், ஒருவர் கேட்டு மற்றவர் இன்னும் பதில் சொல்லாத இடத்தில் நிறுத்தினால், மறுநாள் கை தானாக அந்தப் புத்தகத்துக்குப் போகிறது. இடையில் நின்ற வேலையை யாரும் சொல்லாமலேயே ஆட்கள் மறுபடி எடுக்கிறார்கள் என்று மரியா ஓவ்சியாங்கினா என்ற உளவியலாளர் 1928லேயே எழுதியிருக்கிறார். கட்டுரை நூலுக்கு நேர்மாறு. வாதம் முடிகிற வரை போய்விட வேண்டும். பாதியில் விட்ட வாதத்தை எந்தச் சீட்டாலும் ஒட்டவைக்க முடியவில்லை.

ஒரு தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் இரண்டு குடும்ப நாவல்களைச் சேர்த்து எடுத்தேன். இரண்டிலும் மூன்று அண்ணன் தம்பிகள், இரண்டிலும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிய பாட்டி. ஒன்றில் நடு மகன் எழுதிய கடிதம் எப்போது வரும் என்று 60 பக்கம் காத்திருந்தேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டது மற்ற நாவலின் நடு மகன். இரண்டுமே அருமையான புத்தகங்கள். இரண்டுக்கும் நான் அநியாயம் செய்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரே ஜாடையுள்ள இரண்டை ஒருபோதும் சேர்த்து எடுக்க மாட்டேன்.

ஆனால் ஜாடை வேறாக இருந்து, இரண்டு புத்தகங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தால், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. பறவைகளின் வலசை பற்றிய நூலில் எம்லென் என்ற ஆய்வாளரின் சோதனை வந்தது. இண்டிகோ பன்டிங் என்ற சின்னப் பறவையைக் காகிதப் புனலுக்குள் விட்டு, அடியில் மை ஒற்றிய திண்டு வைத்து, கோளரங்கத்தின் செயற்கை வானத்தைக் காட்டினார்கள். பறவை எந்தத் திசையில் தாவித் தாவிப் பறக்கப் பார்த்ததோ அந்தப் பக்கக் காகிதம் முழுக்க மைக்கால் தடம். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை பிடிக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. அதே வாரம் வரலாற்று நூலில் ஒரு படை மேகம் மூடிய இரவில் வழி தவறி, தான் கிளம்பிய முகாமுக்கே வந்து சேர்கிறது. தனித்தனியாகப் படித்திருந்தால் இரண்டும் இரண்டு தகவல். அன்று இரவு எழுந்து மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த திட்டம் ஒரு சுழலும் புத்தகத் தாங்கி. 1588இல் அகோஸ்தீனோ ராமெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர் வரைந்த புத்தகச் சக்கரம் ஆளுயரம். சக்கரம் சுற்றினாலும் புத்தகங்கள் சாயாமல் இருக்கப் பற்சக்கரங்கள் கோத்திருப்பார். அவ்வளவு பெரியது எனக்கு வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன் வைத்திருந்தது மேசைமேல் வைக்கிற மாதிரி, ஐந்து புத்தகங்களை ஒரே சமயத்தில் திறந்து வைக்கலாம். எனக்கும் கணக்கு ஐந்துதான். மரக்கடையில் மிஞ்சிய பலகைத் துண்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். அடியில் போடுகிற உருளைத் தட்டு ஆடாமல் சுற்ற வேண்டும். ஒரு தட்டு வாங்கிப் பார்த்தேன், கனமான புத்தகம் வைத்ததும் ஒரு பக்கம் சாய்ந்தது. விட்டம் பெரியதாகத் தேட வேண்டும்.

கவிதைத் தொகுப்புக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை. கவிதைக்கு முன்கதை கிடையாது. மூன்று வரி எழுதினால் அது கவிதைக்கு உரை எழுதின மாதிரி ஆகிவிடுகிறது, மறுநாள் என் உரைதான் முதலில் கண்ணில் படுகிறது. இப்போதைக்கு அதில் வெறும் சீட்டு, 63ஆம் பக்கம். ஒரு சொல்லை மட்டும் பென்சிலில் எழுதி வைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். வரலாற்று நூலின் இடம் காலி. ஒரு கடற்பயண நூலும் கணிதம் பற்றிய நூலும் காத்திருக்கின்றன. ஏற்கெனவே ஓடுகிற பறவைகள் நூலும் பயணம்தான் என்பதால், ஒரே ஜாடை வேண்டாமென்று கணிதத்தை எடுக்கப் போகிறேன். சீட்டு வெட்டியாயிற்று.