பீவர் தெரு எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்கு வந்த இரண்டாவது மாதம் ஓர் அலுவலகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போனில் பேசிய பெண் சொன்ன முகவரி 'பீவர் ஸ்ட்ரீட்' என்று காதில் விழுந்தது. பீவர் என்றால் ஆற்றில் மரக்கட்டைகளை அடுக்கி அணை கட்டுமே, அந்தப் பிராணி. தெருவுக்கு அதன் பெயரா என்று கொஞ்சம் சிரிப்பு வந்தது. சரி, வெள்ளைக்காரன் ஊர், எதையும் வைப்பான் என்று அப்படியே எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ரயில் நிலையத்தில் இறங்கி போனில் தேடினால் அப்படி ஒரு தெருவையே காணோம். க்ரான்பி ஸ்ட்ரீட் வழியாக மணிக்கூண்டு வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டியை நிறுத்திக் கேட்டேன். "அதிலதானே நிக்கிற, மீ டக்" என்று கையை மேலே காட்டினார். சுவரில் பெயர்ப்பலகை. பி, இ, எல், வி, ஓ, ஐ, ஆர். 'பெல்வாயர்' என்று மனத்துக்குள் வாசித்துவிட்டு அந்த முனையை மூன்று தடவை கடந்து போயிருக்கிறேன்.

'மீ டக்' என்றால் 'என் வாத்தே'. இந்தப் பக்கத்துக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் ஆச்சிமார் 'ஏட்டி' என்பதைப் போல. அன்று பதினைந்து நிமிடம் தாமதம். வேலையும் கிடைக்கவில்லை. அதற்குத் தெருவைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கேட்ட மென்பொருளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பெல்வாயர் எப்படி பீவர் ஆனது என்ற கதை பிறகுதான் தெரிந்தது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்கள், லெஸ்டர்ஷயரின் வடகிழக்கு மூலையில் ஒரு குன்றின் மேல் கோட்டை கட்டி, தங்கள் பிரெஞ்சு மொழியில் 'அழகிய காட்சி' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். உள்ளூர்க்காரர் வாயில் அது பீவர் ஆகிவிட்டது, எழுத்து மட்டும் பிரெஞ்சாகவே நின்றுவிட்டது. சரி, பிரெஞ்சுப் பெயரென்றால் இப்படித்தான் கடிப்பார்கள் என்று ஒரு விதி போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், ஊரின் வடக்கே இருக்கும் போமாண்ட் லீஸை கிட்டத்தட்ட பிரெஞ்சுக்காரன் மாதிரியே சொல்கிறார்கள்.

லெஸ்டரே லேசுப்பட்ட பெயர் இல்லை. ஒன்பது எழுத்து இருக்கிறது, வாயில் வருவது 'லெஸ்டர்', அவ்வளவுதான். விசா வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அதை 'லைசெஸ்டர்' என்றே சொல்லிவந்தோம். பெல்கிரேவ் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் குஜராத்தி அம்மா ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். 1972இல் இடி அமீன் உகாண்டாவை விட்டு விரட்டியபோது சின்னப் பெண்ணாக இங்கே வந்தவர். "நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்து இறங்கினோம்" என்று ஒரு கட்டு வெந்தயக்கீரையைக் கூடுதலாகப் பையில் போட்டார்.

அந்த 'செஸ்டர்' வால் ரோமானியர் விட்டுப்போனது. லத்தீனில் படைமுகாமுக்குக் 'காஸ்ட்ரா' என்று பெயர், அது பழைய ஆங்கிலத்தின் வழியாக ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டது. மான்செஸ்டரில் முழுசாகக் கேட்கிறது. வூஸ்டர், க்ளாஸ்டர், பிஸ்டர் என்று வரும்போது நடுவில் உள்ளதை விழுங்கிவிடுகிறார்கள். டோஸ்டர் என்றே ஓர் ஊர் இருக்கிறது, ரொட்டி சுடும் எந்திரத்துக்கும் அதற்கும் உச்சரிப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது. இதெல்லாம் பழகிய தைரியத்தில் ஒருநாள் 'சிஸ்டர்' என்று ஓர் ஊரைச் சொன்னேன். கூட வேலை பார்த்தவர்கள் விழித்தார்கள். அது சைரன்செஸ்டராம். அதை மட்டும் எழுத்துக்கு எழுத்து சொல்ல வேண்டுமாம்.

ஆங்கிலக்காரர்கள் பெரும்பாலும் பெயரின் முதல் அசையை ஓங்கி அடிக்கிறார்கள், அதில் மூச்சு தீர்ந்துபோய் மிச்ச அசைகள் வாடிவிடுகின்றன. நமக்கோ ஒவ்வொரு எழுத்துக்கும் மாத்திரைக் கணக்கு உண்டு. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று பள்ளியில் விரல் நொடித்துப் படித்தவர்கள், எதையும் விட மனசு வராது. இன்னொரு பக்கம், 1476இல் காக்ஸ்டன் என்பவர் லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அதற்குப் பிறகு எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோக, வாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்து ஊர் லஃப்பராவுக்குப் பன்னிரண்டு எழுத்து. அதில் ஓ-யு-ஜி-எச் என்ற கூட்டம் இரண்டு தடவை வருகிறது, முதல் தடவை 'அஃப்', இரண்டாம் தடவை வெறும் 'அ'. லண்டன் பக்கம் ஸ்லவ் என்ற ஊரில் அதே கூட்டம் 'அவ்' ஆகிவிடுகிறது. இவர்களுக்குள்ளேயே தகராறும் உண்டு. ஒரே எழுத்தில் இரண்டு ஊர்: லெஸ்டர்ஷயரில் இருப்பது வைமண்டம், நார்ஃபோக்கில் இருப்பது விண்டம். மாற்றிச் சொன்னால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும், வெள்ளைக்காரராகவே இருந்தாலும்.

ரொம்ப நாள் இவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தேன். பிறகு யோசித்தால் நாம் மட்டும் என்னவாம்? தஞ்சாவூரைத் தஞ்சை என்கிறோம், கோயம்புத்தூரைக் கோவை என்கிறோம், அதற்கு 'மரூஉ' என்று இலக்கணமே வைத்திருக்கிறோம். எங்கள் திருநெல்வேலியை எங்கள் தாத்தா ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை, 'தின்னவேலி'தான். பழைய ஆங்கில ஆவணங்களில் 'டின்னவெல்லி' என்று இருப்பதைப் பார்த்து, வெள்ளைக்காரன் கெடுத்துவிட்டான் என்று சின்ன வயதில் கோபம் வரும். அவன் எங்கள் தாத்தா மாதிரி ஆட்கள் சொன்னதைக் காதில் வாங்கி எழுதியிருக்கிறான், பாவம். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எழுந்த கூச்சலில் சில நாளிலேயே திரும்பப் பெற்றதும் ஞாபகம் வந்தது. எழுத்தில் கை வைத்தால் எந்த ஊரிலும் வம்புதான்.

போன மாதம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என் சொந்த ஊர்ப் பெயரை எழுதித் தரச் சொன்னார். லஃப்பராவிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, விரலை ஓட்டி, 'டி-ரு-நெல்-வே-லி' என்று ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். முகத்தில் அத்தனை பெருமை. நன்றாகத்தான் சொன்னார். ஆனால் நாங்கள் தின்னவேலி என்போம் என்றேன்.

அவர் தாளை இன்னொரு தடவை பார்த்தார். "அப்ப இந்த 'ரு' எங்கே போச்சு?"

"உங்க ஊர் ஜி எங்கே போச்சோ, அங்கேதான்."