சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு மருந்துக்கடையில் பதினொரு ஆண்டுகள் மருந்தாளராக இருந்திருக்கிறேன். ஆனால் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கிய 2022ஆம் ஆண்டில் சொன்ன அளவுக்கு "இல்லை" என்ற சொல்லை வேறெந்த ஆண்டிலும் நான் சொன்னதில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதியாளர்களுக்கு வங்கிகளில் டொலர் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தபோது, எங்கள் கடைத் தட்டுகளில் பாதி ஏற்கனவே வெறுமையாகியிருந்தன. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய இன்சுலினை, உறைந்துவிடாதபடி துணியில் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் காவல் காத்தோம்.

கணவரின் வலிப்பு மாத்திரைக்காக ஒரு வயோதிப அம்மா நாள்தோறும் வருவார். "தம்பி, இல்லையெண்டு சொல்லுறதுக்கு முன்னம் ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ" என்று ஒரு நாள் கேட்டார். உள்ளே எதுவுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் போனேன், வெற்றுப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, தேடியவனைப் போல் கையை விரித்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அதே கோவில். அங்கே முழந்தாளிட்டபோதும் என் வாயில் செபம் வரவில்லை. மனதில் வந்தவர் விவிலியத்தில் வரும் எலியா. சாக வேண்டும் என்று கேட்டுச் செடியொன்றின் கீழ் படுத்துவிட்ட அந்த இறைவாக்கினருக்கு வானதூதர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறார். எலியா உண்டுவிட்டு மறுபடியும் உறங்கிவிடுகிறார், வானதூதரும் கோபிக்காமல் இரண்டாம் முறை எழுப்புகிறார். (கொழும்பில் அப்பம் என்றதும் தெருவோரத்து முட்டை அப்பம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது, அதனாலோ என்னவோ அந்தக் காட்சி எனக்கு மிக நெருங்கியதாகப்படுகிறது.)

விசுவாசம் என் கேள்விகளுக்கு விடை தரும் என்றுதான் அதுவரை எதிர்பார்த்திருந்தேன். அன்று கிடைத்தது விடையல்ல, மறுநாள் கடை திறக்கப் போதுமான பலம் மட்டுமே.

புதன்கிழமை அந்த அம்மா வந்தபோது நான் உள்ளே போகவில்லை. "அம்மா, எங்களிட்ட இல்லை" என்று முகம் பார்த்துச் சொல்லி, அவரை இருக்க வைத்து, எனக்குத் தெரிந்த ஏழு கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். வரக்கூடும் என்று சொன்ன இரண்டின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நெற்றியில் திருநீற்றோடு, அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த அவரைக் கண்டேன். மாத்திரையைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவில்லை. அவரே திரும்பிப் பார்த்து, "பத்துக் கிடைச்சது, தம்பி" என்றார்.