அறியும்படிக்கு

நேற்றிரவு வெள்ளவத்தை வீட்டில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எண்பத்திரண்டு வயது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, நான் போனால் ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்வார்தானே?” என்று கேட்டார். ஒரு ஞாயிறு ஆராதனையையும் விடாதவர். எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

அவருடைய வேதாகமத்திலேயே யோவானின் முதல் நிருபத்தில் (கடிதத்தில்) 5:13ஐ எடுத்தேன். நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் ‘அறியும்படிக்கு’ எழுதுகிறேன் என்கிறார் யோவான். ஊகிக்கும்படிக்கு அல்ல, அறியும்படிக்கு. அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அம்மம்மாவே இன்னொரு தடவை மெதுவாக வாசித்தார். அப்புறம் நன்றாகத் தூங்கினார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நம் ஜெபம் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். ஆனால் இயேசு சிலுவையில் தீர்த்த நம் பாவக்கடன் தீர்ந்ததுதான். அதற்காக எப்படியும் வாழலாமா? அதே நிருபம் 3:14இல், சகோதரரிடத்தில் அன்புகூருவதால் ஜீவனுக்குட்பட்டிருப்பதை ‘அறிந்திருக்கிறோம்’ என்கிறது. அதே சொல்.

காசு விஷயத்தில் என் தம்பியோடு எட்டு மாதமாகப் பேச்சில்லை. இருப்பது தெஹிவளையில்தான், பக்கத்து ஊர்.

இன்று காலை பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்தவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, “சாப்பிட்டாச்சோ அண்ணா?” என்றான்.