மூடிக்குக் கீழே: செப்டிக் டேங்க் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

செப்டிக் டேங்க் நிரம்பினால் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "ஆள் கூப்பிடு." கழிவை உறிஞ்சும் லாரி இருக்கும் ஊரிலும் வாயில் வருவது ஆள்தான். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். சாக்கடை வேலையை இயந்திரத்துக்கு மாற்றுவதற்கான ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024-ல் கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 'எங்க வீட்டில் சாதியெல்லாம் பார்ப்பதில்லை' என்பவர்களும் இந்த ஒரு வேலைக்கு வேறு தெருவில் ஆள் தேடியதில்லை.

மார்ச் 6, வியாழன்

லாரி இருந்தும் மனிதர் ஏன் இறங்குகிறார்? பெரும்பாலும் வீட்டுக்காரரின் மறதியால். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், சுமார் 1 மீட்டர் நீர் ஆழமுள்ள தொட்டி போதும்; ஆனால் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். பத்து வருடம் திறக்காமல் விட்டால் அடிக்கசடு களிமண்போல இறுகி, குழாய் உறிஞ்சாது. "கொஞ்சம் இறங்கிக் கலக்கிவிடணும்" என்ற பேச்சு அப்போதுதான் வரும்.

மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கம்பால் கிளறி, மறுபடி உறிஞ்சலாம். இரண்டு நடை ஆகும், வாடகை கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, "சுத்தமா சுரண்டி எடுங்க" என்ற உத்தரவு. அடியில் ஓரங்குலக் கசடு இருந்தால்தான் புதுக் கழிவைச் செரிக்க நுண்ணுயிர் மிஞ்சும். சுரண்டச் சொல்வது தொட்டிக்கும் கேடு, ஆளுக்கும் ஆபத்து.

மார்ச் 9, ஞாயிறு

"அவங்களுக்குப் பழகிப்போச்சு." பழகவே முடியாதது இது. தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம். 100 பிபிஎம்-ஐ, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கைத் தொட்டால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நிமிடம்தான் கொல்லும். மூடியை முன்கூட்டியே திறந்து வைத்தாலும் தப்ப முடியாது: கசடைக் கிளறும்போதுதான் உள்ளே அடைபட்ட வாயு கிளம்புகிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிட மோசம், மீத்தேன் பற்றிக்கொள்ளும். துணி மாஸ்க்கால் பயனில்லை. காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் பல நேரம் சாகிறார்.

"குடிக்காம இறங்கமாட்டாங்க" என்று இளக்காரமாகச் சொல்வோரும் உண்டு. குடிக்காமல் யாரால் இறங்க முடியும்?

மார்ச் 13, வியாழன்

கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரரையும் விடவில்லை. பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "கான்ட்ராக்டர்தான் அனுப்பினார்" என்றாலும் தப்ப முடியாது; நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்துவது என்றே சட்டம் சொல்கிறது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

மார்ச் 16, ஞாயிறு

போனில் கேட்க வேண்டியவை: லாரிக்கு உள்ளாட்சி உரிமம் உண்டா, ஓஸ் எத்தனை அடி, கசடை எங்கே கொட்டுவீர்கள். "யாரும் உள்ளே இறங்கக்கூடாது" என்பதை வாடகை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். பாதி வேலையில் சொன்னால் பேரமாகிவிடும். அரசின் உதவி எண் 14420.

வந்தவர் ஐம்பது வயதுக்காரர் என்றால் "அண்ணே, வாங்க." பையன்கூட "வாடா போடா" என்று கூப்பிடுவது இந்த வேலைக்காரரை மட்டும்தான், கவனித்துப் பாருங்கள். தண்ணீர் கேட்டால் வீட்டு டம்ளரிலேயே கொடுங்கள்; யூஸ் அண்ட் த்ரோ கப்பைத் தேடுவதன் அர்த்தம் அவருக்குப் புரியும்.

லாரி கிளம்பியதும் மூடிமேல் பெயின்டால் எழுதிவிடுங்கள்: 16.3.2025. அடுத்தது 2027 மார்ச்.