சேர்க்கைப் பதிவேட்டில் கிடைத்த எங்கள் வீட்டுப் பெண்கள்

எங்கள் கொடிவழியை, அதாவது தலைமுறை தலைமுறையாக யார் யார் என்ற வரிசையை, எழுதி வைக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை, இப்போது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வந்து நிற்கிறது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர். இதுவரை எது கைகொடுத்தது, எது கைகொடுக்கவில்லை என்று எழுதுகிறேன். இதே தேடலில் இறங்கியிருப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

எல்லோரையும் போல நானும் பத்திரத்தில்தான் ஆரம்பித்தேன். வில்லங்கச் சான்றை 1975 முதல் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும், மூன்று தலைமுறை ஆண்களின் பெயர் மொத்தமாக வந்துவிடும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால் அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். யார் தாத்தா, யார் பேரன் என்று பிரிக்க சர்வே எண்ணும் பத்திரத் தேதியும்தான் உதவின.

ஆனால் பெண்கள் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தான். அதற்கு முந்தைய பத்திரங்களில் என் அத்தைகள், பெரிய அத்தைகள் யாருக்கும் இடமில்லை. அம்மா வழியில் நிலமே கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் ஆண்களும் இல்லை.

அப்புறம் வயதானவர்களிடம் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் ஊரில் தேதி சொல்ல மாட்டார்கள். "காந்தி செத்த வருசம் எனக்குப் பால்பல் விழுந்துச்சு" என்பார்கள். அது போதும், 1948-ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். "எங்க பூட்டன் தாது வருசப் பஞ்சத்துல இந்த ஊருக்கு வந்தவரு" என்று ஒரு தாத்தா சொன்னார். தாது வருடம் 1876-77. அறுபது வருடச் சுழற்சி என்பதால் 1936-லும் ஒரு தாது உண்டு. பஞ்சம் என்ற சொல்லும் பூட்டன் என்ற உறவும் சேர்ந்து வந்ததால்தான் சந்தேகம் இல்லாமல் எழுத முடிந்தது. வருடப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், கூட என்ன நடந்தது என்றும் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள் என்று யோசனை சொன்னவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். தலைமையாசிரியையிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். அதில் சாதி, தொழில் எல்லாம் இருக்கும் என்பதால் படம் எடுக்க விடவில்லை. அவர் முன்னிலையில் எங்கள் குடும்பத்து வரிகளை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதுதான் முறை என்று நானும் நினைக்கிறேன்.

பழைய பதிவேட்டின் அட்டையில், ஊராட்சி ஒன்றியத்துக்கு முன் பள்ளியை நடத்திய ஜில்லா போர்டின் முத்திரை இன்னும் இருக்கிறது. நீலக் கறுப்பு மை பழுப்பாகிவிட்டது. ஓரத்தைச் செல் அரித்திருக்கிறது. சேர்க்கை எண், பெயர், தகப்பனார் அல்லது காப்பாளர் பெயர், தொழில், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வகுப்பு, நீங்கிய தேதி, கடைசியாக நீங்கிய காரணம். ஒரு குழந்தையைப் பற்றி இவ்வளவும் ஒரே வரியில். பிறந்த தேதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் வளைத்து எதிர்க்காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொள்வார்கள். தேதியை வாத்தியாரே ஒரு மே, ஜூனில் போட்டுவிடுவார். சேர்ந்த தேதியும் வகுப்பும் நம்பலாம்.

அங்கேதான் பெரிய அத்தை கிடைத்தாள். அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். 1957-ல் ஒன்றாம் வகுப்பில் அவள் பெயர். மூன்றாம் வகுப்பில் 'தொடர்ந்து வராமையால் நீக்கம்'. சாயங்காலம் போய்க் கேட்டேன்.

"மத்தியானம் சோறு போட்டாங்கய்யா. அதுக்காகத்தான் எங்க அய்யா விட்டாரு. தம்பி பொறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் இல்ல. அதோட நிறுத்திட்டாக."

காமராசர் மதிய உணவைத் தொடங்கியது பக்கத்து எட்டயபுரத்தில், 1956-ல். மறு வருடமே எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் குழந்தை அந்தச் சோற்றுக்காகப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். அவள் தொட்டில் ஆட்டியது என் அப்பாவுக்கு.

பின்னால் வரும் பக்கங்களில் நீங்கிய காரணம் மாறுகிறது. எழுபதுகளில் பல பெண் குழந்தைகள் நடுவில் நின்றுவிடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான். விடியும் முன்னே வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் வேண்டியிருந்தன. என் சித்தி ஒருத்தியின் வரி அப்படித்தான் முடிகிறது.

இப்போதைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் மனசு கனத்தது. ஒரு வருடச் சேர்க்கை அரைப் பக்கம்கூட வரவில்லை. காலையில் வருவது மெட்ரிக் பள்ளி வேன். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஆனால் வகுப்பு ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ அலுவலக வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு கூலிக்குப் போகும் வீடுகளுக்குப் பெரிய நிம்மதி, அதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று வராதவரை வேன் காலியாகப் போகாது.

பிள்ளைகள் இல்லை என்று பள்ளி மூடினால் இந்தப் பதிவேடுகள் எந்த அலுவலகத்து மூலையில் கிடக்கும் என்ற கவலையில்தான் முதலில் தலைமையாசிரியையிடம் பேச ஆரம்பித்தேன். இப்போது அதைவிடப் பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு என்பதால் அதில் சேர்ந்திருக்கிறேன்.

இப்போதைய நிலவரம்: அப்பா வழியில் ஆறு தலைமுறை, அம்மா வழியில் நான்கு. கடைசி மூன்று தலைமுறையில் பெண்கள் எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். சிலோனுக்குப் போன சின்னத் தாத்தா குடும்பம்தான் பாக்கி. அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களா, அங்கேயே தங்கியவர்களா என்று உறவினர் ஒருவர் வழியாகக் கேட்டிருக்கிறேன். குழுவின் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, மூன்றாவது ஆசிரியர் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு. இன்னொன்று, பதிவேடுகளுக்கு ஓர் இரும்பு பீரோ. பீரோவுக்கான பணத்தைப் பழைய மாணவர்களிடம் திரட்டிக்கொள்ளலாம். ஆசிரியரைத்தான் அரசு தர வேண்டும்.