பள்ளிபாளையம் சிக்கனும் நாலு ஞாயிற்றுக்கிழமைகளும்

பள்ளிபாளையம் சிக்கனை வீட்டிலேயே நன்றாகச் செய்யப் பழக வேண்டும் என்று போன மாதம் ஆரம்பித்தேன். எங்கள் வீடு ஈரோட்டில். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம், பள்ளிபாளையம். அம்மா பிறந்ததும் அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு இப்போது 76 வயது. ஒரு வருஷமாக, எதை எங்கே வைத்தோம் என்பது அடிக்கடி நழுவிப்போகிறது. எனக்கும் ஐம்பதுக்கு மேல் அது தொடங்கிவிட்டது. அதனால்தான் இந்த வறுவலைப் பிடித்துக்கொண்டேன். மசாலாத்தூள் இல்லை, தக்காளி இல்லை, அரைக்கிற வேலை இல்லை. கோழி போக ஏழே பொருள்.

எலும்போடு சின்னதாக வெட்டிய கோழி 1 கிலோ. சின்ன வெங்காயம் 300 கிராம், வரமிளகாய் 20, ஒரு மூடித் தேங்காய் மெல்லிய கீற்றுகளாக, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கல்லுப்பு, கடலெண்ணெய் ஒரு குழிக்கரண்டி. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட வேண்டும். காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பில். உதறும்போது அதையும் கிள்ளி எடுத்துவிட்டால் இருபது மிளகாய் போட்டும் வாய் எரியாது. தோலின் நிறமும் வாசமும் சட்டியிலேயே தங்கும்.

முதல் ஞாயிறு மஞ்சள்தூள் போட மறந்தோம். ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு மஞ்சளை மறந்த குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம் என்று அம்மா சிரித்தார். ருசி பரவாயில்லை, நிறம் மட்டும் வெளிறி இருந்தது.

இரண்டாவது ஞாயிறுதான் பெரிய கூத்து. வடைச்சட்டியில் கோழி வெந்துகொண்டிருக்கிறது. அம்மா கீறி வைத்த தேங்காய்த் தட்டைக் காணோம். குளிர்பெட்டியில் இல்லை, மேடையில் இல்லை, அம்மாவின் மடியிலும் இல்லை. கடைசியில் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார், சாமி படத்துக்கு முன்னால். இத்தனை வருஷம் தட்டில் தேங்காயை எடுத்தால் கால் எங்கே போகுமோ, அங்கேயே போயிருக்கிறது. "அத்தை, இன்னைக்குச் சாமிக்கும் கோழி வறுவலுங்களா?" என்று அவர் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, கண்ணில் நீர் முட்டி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பொருளைத் தேடும்போது அம்மாவின் முகம் சில நாள் சுருங்கிப்போகும். அன்றைக்கு அப்படி ஆகவில்லை. எனக்கு அதுவே போதும்.

சிரித்து முடித்து வந்தால் அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நான் பதிவு செய்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார், அவர் செய்துவிட்டார் என்று நான். மணி எட்டு. பின்கட்டில் வெந்நீர் அடுப்பு இருக்கிறதே என்று அம்மாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. கொட்டாங்குச்சியைப் போட்டுப் பற்றவைத்து, சட்டியை அப்படியே தூக்கிப்போய் வைத்தோம். கொட்டாங்குச்சித் தீ சுருக்கென்று ஏறும், கை எடுக்காமல் கிளற வேண்டும். புகைவாசம் ஏறிய அந்தக் கறியை இன்னும் பையன் கேட்கிறான்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இன்னொன்றும் உண்டு. மூடி போட்டுக் கோழி விடும் தண்ணீரிலேயே வேகவிட்டு, அப்புறம் திறந்து வதக்க வேண்டும். எத்தனை நிமிஷம் என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திண்ணையில் இருந்தபடியே, "சத்தம் மாறிப்போச்சு கண்ணு, இப்பத் தேங்காயப் போடு" என்றார். போய்ப் பார்த்தால் சரியாகத் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்திருந்தது. ஈரம் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்காது. அதுவரை கொதிக்கும் சத்தம் குளகுளவென்று இருக்கும். ஈரம் போனதும் சடசடவென்று பொரியும். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகிறவர் காதில் இந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டேன், அம்மாவைத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு உப்பு இரண்டு தடவை விழுந்தது, நான் ஒன்று, அம்மா ஒன்று. வெங்காயமும் தேங்காயும் இன்னும் கொஞ்சம் வதக்கிச் சேர்த்து, உப்பில்லாச் சோற்றோடும் கெட்டித் தயிரோடும் ஒப்பேற்றினோம்.

அதற்கு ஒரு வழி செய்தேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஒரு தாம்பாளத்தில் ஏழு கிண்ணம். ஏழும் அளந்து வைத்தாகிவிட்டது. கிண்ணம் காலியாக இருந்தால் போட்டாயிற்று, நிறைந்திருந்தால் போடவில்லை. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாரும் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கிண்ணங்களைத் தானே அடுக்கினார்.

நேற்று நாலாவது ஞாயிறு. ஏழு கிண்ணமும் காலி. கோழி செக்கச்செவேலென்று, தேங்காய் ஓரம் பொன்னிறமாக, கறிவேப்பிலை மொறுமொறுவென்று வந்திருந்தது. தட்டு போட்டு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. சோற்றை எடுக்கப் போனால், குக்கரில் அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் ஏற்றவே இல்லை. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார், ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

"மாவு இருக்குதில்ல கண்ணு, தோசை ஊத்து" என்றார். ஊற்றினேன். பதினாலு தோசை போனது.

அடுத்த ஞாயிற்றுக்குத் தாம்பாளத்தில் எட்டாவதாக ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார் அம்மா. அதில் ஒரு பிடி அரிசி.